பட்டறையில் கார், மேஜையில் காகிதம்!

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் பெரிய சாலைக்கு சி.டி.எச். ரோடு என்று பெயர். பாடியில் ஆரம்பித்து, டன்லப், ராக்கி தியேட்டர், ஓ.டி., திருமுல்லைவாயல் என்று ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டி ஆவடி போய்ச் சேருவதற்குள் ஒரு கார் எத்தனை உராய்வுக்குத் தப்புகிறது என்று கணக்கெடுத்தால், தினமும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டியிருக்கும். இடது பக்கம் பஸ். வலது பக்கம் எஸ்டேட்டுக்குப் போகும் கண்டெய்னர் லாரி. இரண்டுக்கும் நடுவில், இடம் இருப்பதாக நினைத்துக் கொண்டு நுழைகிற ஒரு மோட்டார் சைக்கிள்!

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மோட்டார் வண்டிக்கு வேண்டிய சக்கரம் பாடியில் தயாராகிறது, பிரேக் பாடியில் தயாராகிறது, ஸ்டார்ட்டரும் அங்கேதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தெருவுக்குத் தெரு உதிரிபாகத் தொழிற்சாலை. ஆவடியிலோ ராணுவத்துக்கு டாங்கியே செய்து அனுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய மோட்டார் ராஜ்யத்தில் ஒரு குடும்பத்தின் கார் அடிபட்டுப் பட்டறைக்குப் போனால், இரண்டு மாதமானாலும் வீடு திரும்ப மாட்டேன் என்கிறது! பட்டறையைக் கேட்டால், “எங்கள் வேலை ஒரு வாரம்தான் அம்மா, கம்பெனியிலிருந்து அப்ரூவல் வரவில்லை” என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால், “ஸர்வேயர் ரிப்போர்ட் வரவில்லை” என்கிறார்கள். ஸர்வேயரைக் கேட்டால், “பட்டறை எஸ்டிமேட் அனுப்பவில்லை” என்கிறார். மூன்று பேரும் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். அதுதான் இதில் உள்ள கஷ்டம்.

திருமுல்லைவாயலில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இதைப் படிக்கும் சகோதரிகளில் பல பேர், “அட, நம் வீட்டுக் கதை!” என்று சொல்லப் போகிறார்கள். கணவருக்கு எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. மனைவி ஆவடியில் பள்ளிக்கூட ஆசிரியை. மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் அண்ணா நகர் ஆஸ்பத்திரியில் டயாலிஸிஸ். கார் வாங்கியதே அதற்காகத்தான். ஒரு நாள் ஓ.டி. திருப்பத்தில் ஒரு லாரி இடது பக்கத்தை வழித்துக் கொண்டு போய்விடுகிறது. யாருக்கும் காயமில்லை. கார் பட்டறைக்குப் போகிறது.

முதல் வாரம் மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவது வாரம், “ஏம்மா, கார் எப்போ வரும்?” என்று கேட்கிறார். ஐந்தாவது வாரம், “நான் பஸ்ஸிலேயே போய்க்கிறேனே” என்கிறார். டயாலிஸிஸ் முடிந்து நிற்கவே முடியாத அம்மாள் பஸ்ஸில் எப்படி வருவார்? ஆட்டோவுக்குப் போக வர எழுநூறு ரூபாய் என்று வைத்தாலும், எட்டு வாரத்தில் 16,800 ரூபாய்! அந்தப் பணத்தைச் சாதாரண பாலிஸி தராது. வண்டிக்கு ஆன சேதத்தைத்தான் தரும். வண்டி இல்லாததால் ஆன செலவை அல்ல. பாங்கிக் கடன் தவணை மட்டும் மாதம் பிறந்தால் டாண் என்று பிடிக்கப்படுகிறது.

“என்னங்க, இன்னிக்காவது அவங்களுக்கு போன் பண்ணினீங்களா?”

“பண்ணினேன். ஃபைல் மேலே போயிருக்காம்.”

“போன வாரமும் மேலேதானே போச்சு?”

எவ்வளவு மேலே என்று யாருக்கும் தெரியாது. ஆகாசம் வரைக்கும் போகிற ஃபைல் எது என்று கேட்டால், இன்ஷூரன்ஸ் ஃபைல் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கம்பெனிக்கும் நாள் கணக்கு உண்டு

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறோம். கிருகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறோம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கட்டாயமான நாள் கணக்கு ஒன்று இருக்கிறது என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. இந்தத் தொழிலைக் கட்டி மேய்ப்பதற்கு ஹைதராபாதில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று ஓர் ஆணையம் உண்டு. முன்பெல்லாம் அதன் விதிப்படி ஸர்வேயரை நியமிக்க 72 மணி நேரம், அவர் அறிக்கை தர 30 நாள், அதன் பிறகு கம்பெனி முடிவு செய்ய இன்னொரு 30 நாள் என்று தாராளமாக விட்டிருந்தார்கள். 2024-ஆம் வருஷம் கயிற்றை இறுக்கினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் ஸர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். நியமித்த 15 நாளுக்குள் அவர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். அறிக்கை கைக்கு வந்த 7 நாளுக்குள் கம்பெனி பணத்தைத் தருவதா, இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். விரலை மடக்கிப் பாருங்கள்: மொத்தம் 23 நாள்! தாமதித்தால் பாங்கு ரேட்டுக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டியும் தர வேண்டும்.

அப்படியானால் இரண்டு மாதம் எப்படி ஆகிறது?

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவர் பாலிஸிதாரர். சாவி கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் கடிகாரம் ஓடவே இல்லை என்று சொல்லிவிடலாம். நம் கற்பனைக் குடும்பத் தலைவர் பதினெட்டு முறை போன் செய்திருக்கிறார். பதினெட்டு முறையும் பேசியது வேறு வேறு ஆள். எந்த நாளில் யார் என்ன சொன்னார் என்று ஒரு வரி கூட வீட்டில் இல்லை. போனில் சொன்னது காற்றோடு போயிற்று.

எங்கள் அபிப்பிராயத்தில் இந்தக் காரியத்துக்கு வக்கீலை விடக் கெட்டிக்காரர், பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிற அம்மாள்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். விபத்து நடந்த நாள், மணி, இடம்; கம்பெனிக்குச் சொன்ன நேரம்; அவர்கள் கொடுத்த கிளெயிம் நம்பர்; ஸர்வேயரின் பெயரும் போன் நம்பரும்; அவர் வந்து பார்த்த தேதி; பட்டறை எஸ்டிமேட் கொடுத்த தேதி. இவ்வளவுதான். கிளெயிம் நம்பர் வாங்காமல் போனை வைக்கவே கூடாது. பிறகு, ஒவ்வொரு முறை போனில் பேசியதும் அதையே நாலு வரியில் கம்பெனிக்கு ஈ-மெயிலில் எழுதிப் போட்டு விடுவது. நீட்டி முழக்க வேண்டாம், கோபதாபமும் வேண்டாம். இப்படி:

“ஐயா, மேற்படி கிளெயிமில் ஸர்வேயர் இந்தத் தேதியில் காரைப் பார்வையிட்டார். இன்றோடு பதினெட்டு நாளாகிறது. அறிக்கை தங்களுக்கு வந்துவிட்டதா, வந்தது என்றால் எந்தத் தேதியில், வரவில்லை என்றால் என்ன காரணம் என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். என்னிடமிருந்து ஏதாவது காகிதம் பாக்கியிருந்தால் அனைத்தையும் ஒரே பட்டியலாகத் தரவும்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘ஒரே பட்டியலாக’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைக்கு லைசென்ஸ் நகல், அடுத்த வாரம் ஆர்.சி. புத்தக நகல், அதற்கடுத்த வாரம் பாங்கிச் செக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் மூன்று வாரம் போயிற்று அல்லவா?

ஸர்வேயர் என்றால் யார்?

ஸர்வேயர் என்றதும் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர் என்று பாட்டிமார்கள் நினைக்கிறார்கள். இவர் அளப்பது நஷ்டத்தை. இதற்கென்று ஆணையத்திடம் லைசென்ஸ் பெற்றவர். கூலி கொடுப்பது கம்பெனிதான் என்றாலும், பாரபட்சமில்லாமல் மதிப்பிட வேண்டியது அவர் கடமை. அவருடைய அறிக்கையின் நகலை நீங்களும் கேட்டுப் பெறலாம், கேட்கிறவர்கள்தான் சொற்பம்.

அவர் வந்து பார்க்கும் முன் காரைப் பிரித்து வேலை ஆரம்பித்து விட்டால் போயிற்று. எது லாரி இடித்தது, எது போன தீபாவளிக்கு நம் வீட்டுக் கேட்டில் நாமே இடித்துக் கொண்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே இடித்த இடத்திலேயே, காரை நகர்த்துவதற்கு முன்னால், நாலு பக்கமும் செல்போனில் படம் பிடித்து விடுங்கள். எதிராளியின் வண்டி நம்பரும் அதில் விழட்டும்.

ஆனால் வெளியே தெரிகிற காயம் ஒன்று, உள்ளே இருக்கிற காயம் ஒன்று. பம்பரைக் கழற்றிய பிறகுதான் ரேடியேட்டர் நசுங்கியிருப்பது தெரியும். பட்டறைக்காரர் இரண்டாவது எஸ்டிமேட் எழுதுவார். ஸர்வேயர் மறுபடியும் வந்து பார்க்க வேண்டும். நாள் கணக்கு அதிகமாக வீணாவது இந்த இரண்டு வருகைக்கும் நடுவேதான். ‘இன்னின்ன பாகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அன்றைக்கே ஸர்வேயர் வர வேண்டும்’ என்று இருவருக்கும் ஒரே தேதியைக் குறித்துக் கொடுத்து, அந்தத் தேதியை இருவருக்கும் எழுதிப் போட்டால் ஒரு வாரமாவது மிச்சம்.

போலீஸ் விஷயம் வேறு. யாருக்காவது காயம் பட்டால் முதலில் ஆஸ்பத்திரி. பிறகு 24 மணிக்குள் போலீசுக்குத் தகவல். இது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஆவது பிரிவு. வெறும் உராய்வுக்கு எஃப்.ஐ.ஆர். பொதுவாகக் கேட்பதில்லை, உயிர்ச்சேதம், காயம், களவு என்றால் அது இல்லாமல் முடியாது. நம் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; 2018-இல் சென்னை மாவட்டத்தோடும் சேர்ந்தது. ஆனால் 2022-இல் ஆவடிக்கென்று போலீஸ் கமிஷனர் ஆபீஸ் வந்தபோது அம்பத்தூர் ஸ்டேஷன் அதன் கீழ் போயிற்று. வண்டி நம்பரோ அம்பத்தூரில் டி.என். 13, பூந்தமல்லியில் டி.என். 12. குப்பைக்கு ஓர் ஊர், திருடனுக்கு ஓர் ஊர் என்று ஆகிவிட்டதால், எந்த ஸ்டேஷன் எல்லை என்று கேட்டுக்கொண்டு அலையாமல் 100 அல்லது 112-க்கு போன் செய்து அங்கேயே கேட்பது உத்தமம்.

ஒன்பது வருஷம் காத்திருந்த லாரிக்காரர்

காகிதம் காகிதம் என்று ஒரு மனிதரை எவ்வளவு தூரம் துரத்தலாம் என்பதற்கு சத்தீஸ்கர் மாநிலத்து லாரிக்காரர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். இது கற்பனையல்ல, சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் உள்ளது.

2013-ஆம் வருஷம் மார்ச் மாதம் அவருடைய லாரி களவு போயிற்று. 12 லட்ச ரூபாய்க்கு அரசாங்கக் கம்பெனி ஒன்றில் இன்ஷூர் செய்திருந்தார். போலீசில் புகார் கொடுத்தார், கம்பெனிக்கும் தெரிவித்தார், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் தெரிவித்தார். ஒழுங்கான மனிதர். கம்பெனி, “அசல் ஆர்.சி. கொண்டு வா, அல்லது அத்தாட்சி பெற்ற நகல் கொண்டு வா” என்றது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். அங்கே, “லாரி களவு போனதாக நீரே எழுதிக் கொடுத்தீரே, அதனால் அந்த நம்பரைப் பூட்டி வைத்து விட்டோம். நகல் தர முடியாது” என்றார்கள்! களவு போனதைச் சொன்னதால் நகல் கிடைக்கவில்லை. நகல் கிடைக்காததால் களவுக்குப் பணம் கிடைக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு ஜெராக்ஸ் பிரதியும், ஆர்.டி.ஓ. ஆபீசு தந்த பதிவு விவரமும்தான்.

ஜில்லா நுகர்வோர் மன்றத்தில் தோற்றார். மாநில மன்றத்தில் தோற்றார். தேசிய மன்றத்திலும் தோற்றார். மற்றவராயிருந்தால் தலையில் துண்டைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2022 மே 20-ஆம் தேதி நீதிபதிகள் எம்.ஆர். ஷாவும் பி.வி. நாகரத்னாவும் தீர்ப்புச் சொன்னார்கள். பாலிஸிதாரரால் கொடுக்கவே முடியாத காகிதத்தைக் கேட்டுக் கொண்டு கிளெயிமை மறுப்பது சரியல்ல, கம்பெனிகள் இவ்வளவு தொழில்நுட்பம் பார்க்கக் கூடாது என்று கண்டித்து, 12 லட்சத்தை 7 சதவீத வட்டியோடும், செலவுக்கு 25,000 ரூபாயோடும் கொடுக்கச் சொன்னார்கள். லாரி போய் ஒன்பது வருஷம்!

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2020 ஜனவரியில், பஞ்சாபில் களவு போன டிராக்டர் ஒன்றைப் பற்றிய வழக்கு. சொந்தக்காரர் போலீசுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். கம்பெனிக்குச் சொல்ல ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. போலீசில் உடனே புகார் கொடுத்திருக்கும்போது, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்ன ஒரே காரணத்துக்காக உண்மையான கிளெயிமைத் தள்ளக் கூடாது என்று மூன்று நீதிபதிகள் கூடிச் சொன்னார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு, “ஐம்பது நாள் கழித்துச் சொல்லலாமாம்” என்று எடுத்துக் கொள்ளாதீர்கள். அது களவு வழக்கு. அடிபட்ட காரை ஸர்வேயர் கண்ணால் பார்த்தாக வேண்டும். அங்கே தாமதம் நமக்கே பாதகம்.

2024 ஜூனில் ஆணையமும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டது: காகிதம் இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் கிளெயிமையும் தள்ளக் கூடாது; கேட்க வேண்டியதைப் பாலிஸி கொடுக்கும் போதே கேட்டுக் கொள்ள வேண்டும்; நஷ்டஈட்டுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட காகிதம் மட்டுமே பிறகு கேட்கலாம். “பேப்பர் பாக்கி” என்று யாராவது சொன்னால், இந்தச் சுற்றறிக்கையைப் பெயர் சொல்லி ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

மூன்று வருஷ பாலிஸி என்ற மயக்கம்

இனி நம் பக்கத்துத் தவறுகளையும் சொல்ல வேண்டுமல்லவா? கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

வண்டி இன்ஷூரன்ஸில் இரண்டு பாகம். நம் வண்டியால் ஊரார்க்கு ஏற்படும் தீங்குக்கு ஒன்று. அது சட்டப்படி கட்டாயம், 1946 முதலே இந்த நாட்டில் இருந்து வருகிறது. நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு மற்றொன்று. அது நம் இஷ்டம். 2018 செப்டம்பர் முதல், புதுக் கார் வாங்கும்போது முதல் பாகத்தை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் பாலிஸித் தாளில் ‘மூன்று வருஷம்’ என்று பார்த்த குடும்பங்கள், எல்லாமே மூன்று வருஷம் என்று நினைத்துக் கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டன. சொந்தச் சேதப் பாகம் பல பாலிஸிகளில் ஒரே வருஷம்! இரண்டாம் வருஷம் லாரி இடித்த பிறகு தாளை எடுத்துப் பார்த்தால், ஊராருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது; நமக்கு இல்லை.

இந்த அறியாமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கார் விபத்தில் காரில் இருந்தவர் இறந்து போனார். குடும்பத்துக்கு 14 லட்சத்துச் சொச்சம் கொடுக்கும்படி டிரிப்யூனல் சொன்னது. கம்பெனி அப்பீல் செய்தது: இது ஊராருக்கு மட்டுமான பாலிஸி, காரில் போனவருக்குப் பொருந்தாது என்றது. சென்னை ஹைக்கோர்ட்டு 2021 ஆகஸ்டில் அதை ஒப்புக் கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் நீதிபதி எஸ். வைத்தியநாதனுக்கு மனசு ஆறவில்லை. வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசத்தை யாருமே எடுத்துச் சொல்வதில்லையே என்று வருந்தி, செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புது வண்டிக்கும் முன்பம்பரிலிருந்து பின்பம்பர் வரை, உள்ளே இருப்பவர்களையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்கு முழு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று உத்தரவு போட்டார். தமிழ்நாட்டுக் கார் கடைகளெல்லாம் கதிகலங்கின! நடைமுறைக்கு ஒத்துவராது என்று எல்லாரும் முறையிட்டதன் பேரில், அதே செப்டம்பரில் அவரே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக் கொண்டார். உத்தரவு போயிற்று, எடுத்துச் சொல்லுகிற பொறுப்பு இன்னும் யாரிடமும் நிற்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். ஆர்.சி. மட்டும் தங்கள் பெயருக்கு மாறினால் போதாது. பாலிஸியும் 14 நாளுக்குள் மாற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்து விடலாம்.

கையில் வருவது எவ்வளவு?

பில் 62,000 ரூபாய் என்றால் 62,000 வரும் என்று எதிர்பார்த்துச் சண்டைக்கு நிற்கிறவர்கள் ஜாஸ்தி. கம்பெனி பழசுக்குப் புதுசு தருவதில்லை. தேய்மானம் கழிக்கிறது. நம் குடும்பத்துக் காருக்கு வயது மூன்றரை என்போம். பிளாஸ்டிக், ரப்பர் சாமான் 22,000. இதில் எந்த வயதுக் காரானாலும் பாதி கழியும், அதாவது 11,000. கதவு, மட்கார்டு முதலிய தகர சாமான் 16,000. மூன்றிலிருந்து நாலு வயதுக் காருக்கு 25 சதவீதம், 4,000. கண்ணாடி 6,000, கழிவு கிடையாது. கூலி 10,000, அதற்கும் கிடையாது. பெயிண்டு வேலை 8,000. அதில் கால் பங்கைச் சாமான் விலையாக வைத்து அதில் பாதி, 1,000. இத்துடன், சிறிய எஞ்சின் காருக்கு ஒவ்வொரு தடவையும் நாம் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000. ஆக 17,000 போய், வருவது 45,000. இந்தக் கணக்கைக் கம்பெனி எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று கேளுங்கள். கண்ணாடிக்கும் கூலிக்கும் கழித்திருந்தால் விடாதீர்கள். தேய்மானம் கழிக்காத பாலிஸியும் விற்கிறார்கள், சந்தா கூடுதல். சி.டி.எச். ரோட்டில் தினமும் போகிறவருக்கு அது தேவலை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

ரிப்பேர்ச் செலவு, பாலிஸியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு நஷ்டமாகக் கருதுவார்கள். பாங்கிக் கடன் பாக்கியிருந்தால் பணம் முதலில் பாங்கிக்குப் போகும்.

பணம் தருவதற்கு முன்னால் ‘முழுத் திருப்தியோடு பெற்றுக் கொண்டேன்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். டயாலிஸிஸ் செலவுக்குப் பணமில்லாமல் தவிக்கிற வீட்டில் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்? போடுங்கள். 2015-லேயே ஆணையம் தெளிவாக்கியிருக்கிறது: அந்தக் கையெழுத்தைக் காட்டி, கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்க முடியாது. ‘ஆட்சேபணையுடன் பெற்றுக் கொண்டேன்’ என்று பக்கத்தில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

அதற்கு மேல் யார்?

முதலில் கம்பெனியிலேயே குறைதீர்க்கும் அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். அவர் விலாசம் பாலிஸித் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு தேடுங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோஸா’ என்ற இணையப் பக்கத்திலும் புகாரைப் பதியலாம். 155255 என்ற நம்பருக்குப் பேசினாலும் பதிந்து கொள்வார்கள். அங்கே பதிந்த புகார் கம்பெனிக்கே திரும்பிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் இந்த முறை ஆணையத்தின் கண் அதன்மேல் இருக்கிறது. ‘மேலே போன’ ஃபைல்கள் பல இந்த இடத்தில் தாமாகவே கீழே இறங்குகின்றன.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். சென்னை ஆபீஸ் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கம்பெனி பதில் கொடுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது. வக்கீல் கூடாது! நீங்களே பேச வேண்டும். இதைக் கேட்டதும், “ஐயோ, நான் எப்படிப் பேசுவது?” என்று சகோதரிகள் பயப்படுகிறார்கள். தேதி தேதியாக எழுதிய நோட்டும், ஈ-மெயில் நகல்களும் கையிலிருந்தால் பேசவே அதிகம் வேண்டியதில்லை, நீட்டினால் போதும். அவர் கொடுக்கும் தீர்ப்பைக் கம்பெனி 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் பாலிஸிதாரருக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

அதுவும் சரிப்படாவிட்டால் நுகர்வோர் ஆணையம். இதற்கு இரண்டு வருஷம் அவகாசம். கார் சந்தா போன்ற சிறு தொகைக்கு இங்கேயும் கட்டணமில்லை. முன்பெல்லாம் கம்பெனியின் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போய் மனுப் போட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில், மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் இறங்க வேண்டியது திருவள்ளூர் ஸ்டேஷன்தான், அன்றைக்காவது சி.டி.எச். ரோடு வேண்டாம்.